ஊசிப் புத்தகம்

பெருங்களத்தூரில் தட்சிணாமூர்த்தியின் வீட்டில் ஆட்களை எண்ண மாட்டார்கள். தலையை எண்ணினால் கண் பட்டுவிடும் என்று அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். "உங்க வூட்ல எத்தினி பேரு?" என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், "எத்தினி இலைன்னு கேளு" என்று பதில் வரும். இலையை எண்ணலாம். இலைக்குக் கண் படாதாம்.

அந்த வீட்டில் வேளைக்கு ஒன்பது இலை. தட்சிணாமூர்த்தி, தம்பி லோகநாதன், தம்பியின் மனைவி செல்லியம்மாள், புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட தங்கை பொன்னியம்மாள், அப்புறம் தம்பிக்கும் தங்கைக்குமாகப் பிள்ளைகள் ஐந்து. தட்சிணாமூர்த்தியின் மனைவி தாயாரம்மாள் இந்தக் கணக்கில் வரமாட்டாள். அவள் பரிமாறுகிறவள். எல்லோரும் எழுந்து கை கழுவப் போன பிறகு, புருஷன் சாப்பிட்ட இலையிலேயே உட்கார்ந்து தன் சோற்றைப் போட்டுக்கொள்வாள். அவரும் ஒரு அப்பளமோ ஒரு வறுத்த மீன் துண்டோ இலையோரத்தில் விட்டுவிட்டுத்தான் எழுவார். பெண்டாட்டி மேல் இருக்கிற பிரியத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதில் குறை சொல்ல முடியாது, இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், கங்கையம்மாள். அறுபத்திரண்டில், கொழும்பில் கடை வைத்திருந்த ரத்தினத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கொழும்பு என்ன, ராத்திரி ரயிலேறிக் கப்பலேறினால் வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போன பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு அங்கே குடியுரிமை கிடையாது என்று. ஒரு தடவை ஊருக்கு வந்தால் மறுபடி உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். கடையை விட்டுவிட்டு அவன் வர முடியாது, அவனை விட்டுவிட்டு அவள் வர முடியாது. ஆறு வருஷமாகத் தாயாரம்மாள் மகளைக் கடிதத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து தெரியாதவள் ஆகையால் அதையும் பொன்னியம்மாள் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் வந்த கடிதத்தில் கங்கை முழுகாமல் இருப்பதாக எழுதியிருந்தாள். மே மாதம் வளைகாப்பு, ஒன்பதாம் மாதத்தில். அம்மா வந்து முதல் வளையல் போட வேண்டும், வேறு யார் போட்டாலும் கையை நீட்ட மாட்டேன் என்று எழுதியிருந்தாள். அன்றைக்குத் தாயாரம்மாள் கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டாள். "ஒரே ஒரு தபா போயி அவளப் பார்த்துட்டு வரணுங்க."

வேறு யாராக இருந்தாலும் இரண்டு டிக்கெட் எடுத்திருப்பான். விஷயம் முடிந்திருக்கும். தட்சிணாமூர்த்தியிடம் அப்போது ஒரு வேன் இருந்தது, அதுதான் வினை. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த நிலத்தில் பாதியைத் தொழிற்சாலைக்கு விற்று, படப்பை ரோட்டில் அரிசி மில் வைத்து, முந்தின வருஷம்தான் பத்துப் பேர் உட்காரும் வேன் ஒன்றை வாங்கியிருந்தார். அதைத் திருநீர்மலைக்கும் செங்கல்பட்டுக்கும் ஓட்டி அலுத்துப் போயிருந்தது. "போறதுன்னா குடும்பத்தோட போவோம். நம்ம வண்டியிலயே போவோம். கொழும்புக்காரன் பார்க்கட்டும்" என்றார். பிள்ளைகள் பள்ளிக்கூட லீவு என்று குதித்தார்கள். தாயாரம்மாளுக்கு மகளைப் பார்த்தால் போதும், வேனும் ஒன்றுதான், மாட்டு வண்டியும் ஒன்றுதான்.

மேற்குத் தாம்பரத்தில் வேதசிரோமணி என்று ஒருவர் இருந்தார். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர், வீட்டு முன்னறையில் டைப்ரைட்டர் வைத்து வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவார். சொந்த வேனில் சிலோன் போகிறோம் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சார், நம்ம லைசென்ஸ் அங்கே செல்லாது. இன்டர்நேஷனல் பர்மிட் எடுக்கணும். வண்டி உங்க பேர்ல இருக்கு, பர்மிட்டும் உங்க பேர்ல. அதனால நீங்கதான் ஓட்டணும், வேற ஒருத்தரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. போன வண்டியை அங்கே வித்துடாம திருப்பிக் கொண்டாந்துடுவேன்னு ஒரு கியாரன்டி பத்திரம். அந்த ஊருக்குச் செல்லுபடியாகிற இன்சூரன்ஸ். வாடகைக்கு ஆள் ஏத்தலை, எல்லாரும் சொந்தக் குடும்பம்தான்னு ஒரு அபிடவிட். பின்னாடி இந்திய வண்டின்னு காட்ட ஐ.என்.டி.ன்னு போட்ட வெள்ளைத் தகடு. அப்புறம் வெளிநாட்டுப் பணத்துக்கு ரிசர்வ் பாங்க் அனுமதி, பாஸ்போர்ட், விசா."

கேட்கக் கேட்கத் தட்சிணாமூர்த்திக்கு மார்பு விரிந்தது. அரிசி மில் லைசென்ஸுக்கே ஆறு மாதம் அலைந்து ஜெயித்தவர் அவர். ஒரு பச்சை ஃபைல் வாங்கினார். மூன்று மாதம் அந்த ஃபைலோடுதான் தூங்கி எழுந்தார் என்று சொல்லலாம். பாஸ்போர்ட் மூன்று போதும் என்று ஆயிற்று. அவருடையதில் தாயாரம்மாள் பெயரும் படமும், லோகநாதன் பாஸ்போர்ட்டில் அவன் மனைவி மக்கள், பொன்னியம்மாள் பாஸ்போர்ட்டில் அவள் பிள்ளைகள்.

"கடைசியா ஹெல்த் புக்" என்றார் வேதசிரோமணி. "காலரா ஊசி போட்டு டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வச்ச சின்னப் புத்தகம், ஆளுக்கு ஒண்ணு. ஊசி போட்ட ஆறாவது நாள்லேருந்து செல்லும், ஆறு மாசம் வரைக்கும். எத்தனை புத்தகம் சார் வேணும்?"

தட்சிணாமூர்த்தி கண்ணை மூடிப் பந்தியை ஒரு தரம் நினைத்துப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. "ஒம்போது" என்றார்.

ஊசி போட ராஜகோபாலன் டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். பிள்ளைகள் ஊசி என்றதும் வாழைத்தோப்புப் பக்கம் ஓடத் தயாராக இருந்தன. தட்சிணாமூர்த்திக்கு ஒரு யோசனை. "சோத்துக்கு முன்னால ஒக்கார வச்சிட்டா எங்கியும் போவாதுங்க" என்று இலையைப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார். டாக்டரும் சிரித்துக்கொண்டே பந்தியோடு குனிந்து குனிந்து போய் வரிசையாக ஒன்பது புஜத்தில் குத்தினார். தாயாரம்மாள் அப்போது சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அழுத பிள்ளைக்கு ஒரு கரண்டி நெய் அதிகம் விட்டாள். ஒன்பது ஊசி, ஒன்பது புத்தகம், ஒன்பது கையெழுத்து. டாக்டர் பெட்டியை மூடினார், கணக்குச் சரி.

அன்று சாயங்காலம் தட்சிணாமூர்த்தி வேனுக்குப் பின்னால் குந்தி ஐ.என்.டி. தகட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். தாயாரம்மாள் காபியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, எனக்கு ஊசி போடலியே?"

வாயில் இரண்டு திருகாணியைக் கடித்துக்கொண்டிருந்தவர், "ஆங், பார்த்துக்கலாம் போ" என்றார். தகடு நேராக இருக்கிறதா என்பதில்தான் அவருக்குக் கவனம். அவள் போய்விட்டாள். புருஷன் பாஸ்போர்ட்டிலேயே பெண்டாட்டிக்கும் இடம் இருக்கிற மாதிரி, புருஷன் ஊசியும் பெண்டாட்டிக்குச் சேர்த்துத்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். இதைப் பொன்னியம்மாள் ரொம்ப நாள் கழித்துத்தான் அவரிடம் சொன்னாள்.

கிளம்பிய அன்று பெருங்களத்தூரே ரோட்டில் நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, திருச்சியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மதியம் மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள். பாம்பனைத் தாண்ட அப்போது வண்டிக்கு ரோடு கிடையாது. வேனைச் சரக்கு ரயிலில் ஏற்றி ராமேசுவரம் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் மண்டபத்தில் உடம்புச் சோதனை. தாயாரம்மாள் வழியெல்லாம் மடியில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு வந்தாள். தாம்பரம் கடைத்தெருவில் நாலு நாள் அலைந்து பொறுக்கிய கண்ணாடி வளையல். பள்ளத்தில் வேன் இறங்கும்போதெல்லாம் மூட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள்.

சோதனை அதிகாரி அசரியா, நாகர்கோவில் பக்கத்துக்காரர், தணிந்த பேச்சு. பச்சை ஃபைலை வாங்கி ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் கொண்டு வந்ததில்லை" என்றார். தட்சிணாமூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் அசரியா எழுந்து வந்து, அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். விரலை நீட்டித் தலைகளை எண்ணினார்.

"பத்துப் பேர் இருக்கீங்க. புத்தகம் ஒன்பதுதான் இருக்கு."

"இருக்காதுங்க, சரியா எண்ணி வச்சேன்" என்று தட்சிணாமூர்த்தி வாங்கிப் பார்த்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. அப்புறம் பெயர்களைப் படித்தார். மூன்றாவது தடவை எண்ணும்போதுதான் யார் பெயர் இல்லை என்று புரிந்தது. அன்றைக்கு வாயில் கடித்த திருகாணியின் ருசி நாக்கில் வந்தது.

"அம்மாவுக்கு மட்டும் ஏன் ஊசி போடலை?" என்று அசரியா கேட்டார்.

தாயாரம்மாள்தான் பேசினாள். "நான்தாங்க ஊசின்னா பயந்துகினு சமையக்கட்டுக்குள்ள போய்ட்டேன்."

அவள் பயந்தவள் இல்லை என்று தட்சிணாமூர்த்திக்குத் தெரியும். அவருடைய மானத்தை அந்த மேசைக்கு முன்னால் காப்பாற்றுகிறாள் என்றும் தெரியும். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட ஒரு கேவலமான நிமிஷம் அவர் ஆயுசில் கிடையாது.

"இப்பவே போடுங்க சார், எவ்ளோ ஆவுதோ ஆவட்டும்."

"போடறேன். ஆனா ஆறு நாள் கழிச்சுத்தான் செல்லும். அதுவரைக்கும் அம்மா இந்தப் பக்கம்தான் இருக்கணும்."

"பெத்த பொண்ணுக்கு வளையல் போடப் போறா சார். வெள்ளிக்கிழம வளகாப்பு."

"எனக்கும் பொண்ணு இருக்கு. நான் விட்டாலும் அந்தக் கரையில இறங்க விடமாட்டாங்க. உங்க எல்லாரையும் வண்டியோட திருப்பி அனுப்பிடுவாங்க."

அன்றைக்குத் திங்கட்கிழமை. வேனுக்குக் கப்பலில் இடம் செவ்வாய்க்கிழமைக்கு. அதை விட்டால் மூன்று வாரம் கழித்துத்தான், அதற்குள் விசா முடிந்துவிடும். ஆறு நாள் இருந்துவிட்டுத் தாயாரம்மாள் மட்டும் ரயிலில் பின்னால் வரலாம் என்றால், அவள் பெயர் இருப்பது அவருடைய பாஸ்போர்ட்டில். அவர் இல்லாமல் அவள் கடல் தாண்ட முடியாது. அவர் நின்றால் வேனும் நிற்கும், அதை வேறு யாரும் ஓட்டக்கூடாது. வேதசிரோமணி டைப் அடித்த ஒவ்வொரு காகிதமும் சரியாக இருந்தது. அந்தச் சரிதான் அவர்களை நாலு பக்கமும் பூட்டிப் போட்டுவிட்டது.

"திரும்பிப் போயிடலாம்" என்றார் தட்சிணாமூர்த்தி. கடைசிப் பிள்ளை ஓவென்று அழ ஆரம்பித்தது. லோகநாதன் வேறு எங்கோ பார்த்தான். பொன்னியம்மாள், "நான் அண்ணியோட நின்னுடறேன்" என்றாள்.

"ஒருத்தரும் நிக்க வேணாம்" என்றாள் தாயாரம்மாள். "அவ வாசலப் பார்த்துகினு கெடப்பா. புள்ளத்தாச்சி. பொறந்த வூட்லேருந்து ஒரு ஈ காக்கா வரலன்னா அவ மனசு இன்னாத்துக்கு ஆவும்? போய்ட்டு வாங்க. நான் ரயிலேறி வூட்டுக்குப் போறேன். மாட்டையும் பார்க்கணும் இல்ல."

தட்சிணாமூர்த்தி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். முடியாது, நீ இல்லாமல் நான் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கலாம். அவள் அதற்காக ஒரு நொடி காத்திருந்தாள் என்றுதான் பின்னால் அவருக்குத் தோன்றியது. அவர் சொல்லவில்லை. வேனை மண்டபத்திலேயே நிறுத்திவிட்டு ஆறு நாள் கழித்து இரண்டு பேரும் கப்பலேறலாம் என்றும் சொல்லவில்லை. மூன்று மாத ஃபைல், ரோட்டில் நின்ற ஊர், கொழும்பில் காத்திருக்கும் மாப்பிள்ளை எல்லாம் அவர் கண் முன்னால் வந்து நின்றன.

அவள் வளையல் மூட்டையைச் செல்லியம்மாள் மடியில் வைத்தாள். "மொத வளையல் பச்ச. எங்கம்மா குடுத்ததுன்னு சொல்லிட்டுப் போடு, கைய நீட்டுவா" என்றாள். பிறகு அசரியாவிடம் போய் ரவிக்கைக் கையைத் தூக்கினாள்.

"எனக்கு ஊசி போட்டுடுங்க ஐயா."

"இப்போ எதுக்கும்மா? வீட்டுக்குத்தானே போறீங்க?"

"அடுத்த தபா ஆவும் இல்ல."

அசரியா ஊசி போட்டார். புதுப் புத்தகம் ஒன்று எடுத்துப் பெயர் எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். சென்னை ரயிலில் தானே ஏற்றி, தாம்பரத்தில் இறக்கிவிடச் சொல்லி கார்டிடம் ஒப்படைப்பதாகவும் சொன்னார். வேன் நகர்ந்தபோது தாயாரம்மாள் கையாட்டவில்லை. இடது கையில் ஊசி வலி, வலது கையில் புத்தகம்.

கொழும்பில் வேனைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அந்தப் பெருமையை அனுபவிக்கத் தட்சிணாமூர்த்திக்கு மனசு இல்லை. கங்கை நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். எல்லோரும் இறங்கியதும் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தாள். "அம்மாவுக்குத் திடீர்னு ஒடம்பு முடியல" என்றார். அவள் அழவில்லை. உள்ளே போனாள்.

சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தது. தட்சிணாமூர்த்தி பழக்கத்தில் எண்ணினார். மாப்பிள்ளையோடு சேர்த்துப் பத்து இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது. அவர் இலைக்குப் பக்கத்திலேயே அகலமாக இன்னொரு தலைவாழை இலை.

"அது அம்மாவுக்கு நைனா" என்றாள் கங்கை. "நம்ம வூட்ல அம்மா நின்னுகினே கெடக்கும். இங்கயாவது எல்லாரோடயும் ஒக்காந்து துன்னட்டும்னு காலையில நானே போட்டேன். எடுக்க மனசு வரல."

அவர் சாப்பிட்டார். எதைத் தின்றார் என்று தெரியாமல் தின்றார். எழுந்து கை கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தன் இலையோரத்தில் முழு அப்பளம் ஒன்று கிடந்தது. கை தன்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறது. வேலைக்காரி வந்து இரண்டு இலையையும் சேர்த்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஊர் திரும்பியபோது தாயாரம்மாள் மூன்றே கேள்வி கேட்டாள். இளைத்திருக்கிறாளா? பச்சை வளையல் கையில் ஏறியதா? ஒரு தடவையாவது சிரித்தாளா? "ஏறிச்சு" என்று நடுக் கேள்விக்கு மட்டும் அவரால் பதில் சொல்ல முடிந்தது. அன்று சாப்பிடும்போது, "நீயும் ஒக்காரேன்" என்றார். "இன்னா புதுப் பழக்கம்" என்று அவள் சிரித்துவிட்டு ரசம் ஊற்றினாள். அவரும் அதோடு விட்டுவிட்டார். "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரு மட்டும் போறோம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருஷம் கேட்டால் ரிசர்வ் பாங்க்கில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் அனுமதி என்றார்கள். எழுபத்தொன்றில் அங்கே கலகம். அதற்கப்புறம் மில்லில் மோட்டார் எரிந்தது, வேனை விற்றார், பச்சை ஃபைல் பரண் மேல் போனது. கங்கைக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று பிறந்து போட்டோவில் வந்தார்கள். தாயாரம்மாள் மறுபடி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காதவளுக்கு ஆசையும் இல்லை என்று நினைப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை, வெயில் காலத்தில் ஒரு தரம், மழைக் காலத்தில் ஒரு தரம், அவள் கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சலில் படுப்பாள். "பூச்சி எதுனா கடிச்சிருக்கும்" என்பாள். அந்த இரண்டு நாளும் செல்லியம்மாள் சமையல். உப்பு இல்லை என்று அவர் சத்தம் போடுவார்.

எழுபத்துநாலு ஜூன் மாதம், பரிமாறிக்கொண்டிருந்தவள் வாளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தாள். அவ்வளவுதான். தந்தி கொடுத்தார்கள். கங்கையால் வர முடியவில்லை.

பதினாறாம் நாள் படையல். சமையல்காரன் வந்து, "எத்தினி இலைங்க?" என்று கேட்டான். தட்சிணாமூர்த்தி கண்ணை மூடிப் பந்தியை நினைத்துப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னார். "படையல் இலையும் சேர்த்தா?" என்றான் அவன். சேர்க்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று போடப்போகிற முதல் இலையையும் அவர் விட்டுவிட்டு எண்ணியிருந்தார். கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

படையலில் வைக்கப் புடவை எடுக்கவேண்டுமென்று பொன்னியம்மாள் அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தாள். கங்கையின் கடிதக் கட்டுக்கு நடுவில் அந்தச் சின்னப் புத்தகம் இருந்தது. தட்சிணாமூர்த்தி வாங்கிப் பிரித்தார். முதல் வரியில் அசரியாவின் கையெழுத்து, மே அறுபத்தெட்டு. அதற்குக் கீழே நவம்பர். அப்புறம் மே, அப்புறம் நவம்பர். பக்கம் திருப்பினார். முத்திரைக்குக் கீழே முத்திரை, மொத்தம் பதிமூன்று.

"உனக்குத் தெரியாதா அண்ணா?" என்றாள் பொன்னியம்மாள். "ஆறு மாசத்துக்கு ஒரு தபா பஸ் ஏறி தாம்பரம் போயி போட்டுகினு வருவாங்க. அவரு என்னிக்குக் கெளம்புன்னு சொல்வாரோ, அன்னிக்கு ஊசியால நிக்கக் கூடாதும்பாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. சொன்னா நச்சரிக்கிற மாதிரி ஆயிடுமாம்."

அவர் பரண் ஏறிப் பச்சை ஃபைலை இறக்கினார். தூசி தட்டித் தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். அவர் படத்துக்குப் பக்கத்தில் அவள் படம். அது முந்தின வருஷமே காலாவதியாகியிருந்தது, புதுப்பிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மறு கையில் இருந்த புத்தகத்தின் கடைசி முத்திரையைப் பார்த்தார். போன மாதம் போட்ட ஊசி. நவம்பர் வரைக்கும் செல்லும்.